வீரனுக்கும் வாடகை உண்டு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற மேசைகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வாளின் விலையைப் பார்ப்போம், கவசத்தின் விலையைப் பார்ப்போம், மந்திரச் சுருளுக்குப் பேரம்கூடப் பேசுவோம். ஆனால் அந்த வீரன் ராத்திரி எங்கே படுத்தான், என்ன தின்றான், அறைக்கு வாடகை யார் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. விதிப்புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் அதைப் படிக்காமலே தாண்டிப் போகின்றன. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: “நாம் டிராகனைக் கொல்ல வந்திருக்கிறோம், பலசரக்குக் கணக்குப் பார்க்க வரவில்லை.” இந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. புதிதாக ஆட வருகிறவர்களுக்கும் முதல் நாளிலேயே இது பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது.

இந்தப் பாடம் தவறு என்பது என் உறுதியான கருத்து. வாழ்க்கைச் செலவைத் தூக்கி எறிந்தால் ஆட்டத்தில் சுமை குறையும் என்று நம்புகிறார்கள். உண்மையில் குறைவது ஆட்டத்தின் உலகம். கற்பனை உலகத்தின் வீரனையும் அவனைச் சுற்றி வாழும் சாதாரண ஜனங்களையும் ஒரே தராசில் நிறுத்துகிற விதி இது ஒன்றுதான். அதை அறுத்துவிட்டால் முதலில் தங்கத்துக்கு அர்த்தம் போகிறது. பிறகு வீரத்துக்கும் போகிறது.

ஆடிப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974ல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம் இது. ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகத்தையும் அதில் நடப்பதையும் சொல்கிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. பகடை உருட்டி, பேசி, முடிவெடுத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை நடத்திப் போகிறார்கள். ஒரு சாகசத்துக்கும் அடுத்த சாகசத்துக்கும் நடுவே கதைக்குள் நாட்கள் ஓடும், மாதங்கள் ஓடும். டவுன்டைம் என்று சொல்லப்படும் அந்த இடைக்காலத்தில் பாத்திரங்கள் ஊரில் தங்கி உயிர் வாழ ஆகும் செலவுதான் இங்கே விவகாரம்.

2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு ஏழு படிகளை வைத்திருக்கிறது. அடிப்படியில் செலவே கிடையாது. தெருவிலும் வைக்கோல் போரிலும் படுக்கிற நாதியற்ற வாழ்க்கை. அதற்கு மேல் இழிநிலை, நாளுக்கு 1 வெள்ளி. ஏழ்மை, 2 வெள்ளி. எளிய வாழ்க்கைக்கு 1 தங்கம், வசதியான வாழ்க்கைக்கு 2 தங்கம், செல்வந்த வாழ்க்கைக்கு 4 தங்கம். உச்சியில் பிரபுக்களின் வாழ்க்கை. அதற்குக் குறைந்தது 10 தங்கம். பத்து வெள்ளி சேர்ந்தால் ஒரு தங்கம். விதி இவ்வளவுதான். ஒரு சிறு பட்டியலும் ஒரு முடிவும்.

முதல் எதிர்வாதம், இது சலிப்பூட்டும் கணக்கு வேலை என்பது. நான்கு பேர் கொண்ட குழு முப்பது நாள் எளிய வாழ்க்கை வாழ்ந்தால் செலவு 120 தங்கம். ஒரு பெருக்கல், ஒரு கழித்தல். இதே ஆட்டக்காரர்கள் சண்டையில் போடுகிற கணக்கைப் பாருங்கள். தீக்கோள மந்திரம் வெடித்தால் எட்டு அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுகிறார்கள். தப்பித்துக்கொண்டவனுக்கு அதில் பாதி. தீயைத் தாங்கும் உடம்புள்ளவனுக்கு அதிலும் பாதி. ஆறு அரக்கர்கள் நின்றால் ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கழிக்கிறார்கள். அதை ஆவலோடு, குரல் உயர்த்திச் செய்கிறார்கள். ஆகவே இவர்களுக்குக் கணக்கு கசக்கவில்லை. விளைவில்லாத கணக்குதான் கசக்கிறது. தீக்கோளத்தின் கூட்டல் முடிந்ததும் யார் விழுந்தார், யார் நிற்கிறார் என்று தெரிகிறது. 120 தங்கத்தைக் கழித்த பிறகு ஒன்றுமே நடப்பதில்லை. இந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டியவர் டன்ஜன் மாஸ்டர். அதற்காக விதியையே குப்பையில் போடுவது நியாயம் ஆகாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ரொட்டித் துண்டையும் ஒவ்வொரு மெழுகுவத்தியையும் எழுதிவைக்கச் சொல்லி நான் வாதாடவில்லை. இந்தப் பட்டியல் உண்டானதே அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். சோறு, கூரை, துணி, விளக்கு, குளியல், வழக்கமான சில்லறைச் செலவு எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கட்டிக் கொடுக்கிறது. கணக்கு வேலையைக் குறைக்கப் பிறந்த விதியை, கணக்கு வேலை என்று குற்றம் சாட்டித் துரத்துகிறோம்.

இது பிற்காலத்தில் ஒட்டவைத்த விதி என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 1974ன் முதல் வெளியீட்டிலேயே இது இருக்கிறது. லெவல் ஏற, அதாவது பலம் கூட, பாத்திரம் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் தங்கத்தைப் பராமரிப்புக்குக் கட்ட வேண்டும். சொந்தமாகக் கோட்டை கட்டும் வரை இந்தக் கடமை தொடரும். 1979ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் கைகாக்ஸ் இதை இன்னும் இறுக்கினார்: லெவல் ஒன்றுக்கு மாதம் குறைந்தது 100 தங்கம். பத்தாம் லெவல் வீரனுக்கு மாதம் ஆயிரம். லெவல் ஏறுவதற்கான பயிற்சிக்கும் தனியாகப் பணம் அழ வேண்டும். அந்தக் காலத்தில் நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவந்த தங்கமே அனுபவப் புள்ளியாக மாறியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். தங்கம் வீரனை வளர்த்தது. செலவு அவனை மறுபடியும் நிலவறைக்குள் அனுப்பியது. ஆட்டம் இந்த இரண்டு கால்களில் நடந்தது.

கைகாக்ஸின் விதியில் ஒரு கோளாறும் உண்டு. எப்படி வாழ்ந்தாலும் லெவலுக்கு ஏற்ற தொகை போய்விடும். குடிசையில் நோன்பிருக்கும் துறவிக்கும் மாளிகையில் விருந்து வைக்கும் திருடனுக்கும் ஒரே கட்டணம். அது வாழ்க்கைச் செலவு என்பதைவிட வரி என்பதே பொருத்தம். வரியை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1989ல் வந்த இரண்டாம் பதிப்பு இழிநிலை, ஏழ்மை, நடுத்தரம், செல்வம் என்று தரம் பிரித்து, எப்படி வாழ்வது என்ற முடிவை ஆட்டக்காரர் கையில் கொடுத்தது. ஐந்தாம் பதிப்பில் லெவலோடு இருந்த தொடர்பே அறுந்தது; ஏழு படிகளில் எதில் வேண்டுமானாலும் நிற்கலாம். நாற்பது ஆண்டுகளில் இந்த விதி கட்டாயத்திலிருந்து தேர்வாக வளர்ந்திருக்கிறது. அது பக்குவப்பட்டு நிற்கிற நேரத்தில், பழைய வரியின் மேலிருந்த கோபத்தை இதன் மேல் காட்டுகிறோம்.

இரண்டாம் எதிர்வாதம் கொஞ்சம் வலுவானது. ஐந்தாம் லெவல் தாண்டினால் இந்தத் தொகையெல்லாம் தூசு. கவனிக்கவே தேவையில்லை என்கிறார்கள். எண்கள் அவர்கள் பக்கம் இருப்பதாகத்தான் தோன்றும். 2014ன் விதிப்படி தொடக்க நிலைப் புதையல் ஒன்றில் காசு மட்டும் சராசரியாக 196 தங்க மதிப்பு வரும். குழுவின் ஒரு மாத எளிய வாழ்க்கைக்கு 120 போனால் வலிக்கும். அடுத்த நிலைப் புதையலில் காசு மட்டுமே சராசரியாக 3,857 தங்கம். அதில் 120 போனால் யாருக்கும் உறைக்காது.

ஆனால் கையில் 3,857 தங்கம் வைத்திருக்கிறவர்கள் இன்னும் ஏன் நாளுக்கு ஒரு தங்கத்தில் வாழ்கிறார்கள்? வருமானம் ஏறும்போது வாழ்க்கையும் ஏறும். உலகத்தில் எங்கும் அப்படித்தான். அதே பதிப்பின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் சொத்துப் பராமரிப்புச் செலவு தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிறு கோட்டையைக் கட்ட 50,000 தங்கமும் 400 நாட்களும் ஆகும். கட்டி முடித்த பிறகு அதை நடத்த, பயிற்சி பெற்ற ஐம்பது பேரும் பயிற்சி இல்லாத ஐம்பது பேரும் வேண்டும்; நாளுக்கு 100 தங்கம் செலவு. மாதம் 3,000. சற்று முன் சொன்ன அந்தப் பெரிய புதையலில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே மாதத்தில் கோட்டைக்குப் போய்விடும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது இதுதான். இப்போது வீரர்களுக்கு வேலை வேண்டும். காவலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும், சமையல்காரி குடும்பத்துக்குப் படியளக்க வேண்டும், பக்கத்து ஊர்ப் பிரபுவோடு சுமுகமாக இருக்க வேண்டும். உயர்ந்த லெவலில் ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போகிறது, எதிரியின் பலத்தை ஏற்றிக்கொண்டே போவதைத் தவிர வழி தெரியவில்லை என்று புலம்புகிற டன்ஜன் மாஸ்டர்களுக்கு வழி இந்தப் பக்கத்தில் இருக்கிறது. செலவு தூசாகிவிட்டது என்றால், பாத்திரங்கள் தங்கள் செல்வத்துக்குரிய வாழ்க்கையை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவதாக, கதைகளில் வரும் மாவீரர்கள் காசு எண்ணுவதில்லை, நாம் மட்டும் ஏன் எண்ண வேண்டும் என்கிறார்கள். எந்தக் கதைகளைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. தன்னைத் தூண்டிய எழுத்தாளர்களின் பட்டியலைக் கைகாக்ஸ் 1979ன் புத்தகத்திலேயே பின்னிணைப்பாகக் கொடுத்திருக்கிறார். அதில் ஃபிரிட்ஸ் லைபர் இருக்கிறார். அவருடைய ஃபாஃபர்டும் கிரே மவுசரும் லாங்க்மார் நகரத்தில் கொள்ளையடித்ததைக் குடித்தும் சூதாடியும் தீர்த்துவிட்டு, காலிப் பையோடு அடுத்த ஆபத்துக்குள் நுழைகிறவர்கள். ராபர்ட் ஹோவர்டின் கோனனும் அதே ரகம். திருடனாக, கூலிப்படை வீரனாக, கடற்கொள்ளைக்காரனாக வயிற்றைக் கழுவியவன் பிறகுதான் அரசனாகிறான். டோல்கீனின் ‘தி ஹாபிட்’டில் பில்போவின் பயணம் எப்படித் தொடங்குகிறது? குள்ளர்கள் எழுதிவைத்துவிட்டுப் போகும் ஒப்பந்தக் கடிதத்தோடு. லாபத்தில் பதினான்கில் ஒரு பங்கு, பயணச் செலவு அவர்கள் பொறுப்பு, செத்துப்போனால் ஈமச்செலவும் அவர்கள் பொறுப்பு என்று அதில் நிபந்தனைகள் இருக்கின்றன. டிராகனைத் தேடிப் போகிற மிகப் புகழ்பெற்ற பயணத்தின் வாசலிலேயே செலவுக் கணக்கு நிற்கிறது.

ஆர்னசன் தன்னுடைய பிளாக்மூர் உலகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். தங்கத்தைக் கைப்பற்றினால் மட்டும் அனுபவப் புள்ளி கிடைக்காது. பாத்திரம் தன் விருப்பத்துக்கு உரியவற்றில் அதைச் செலவழித்தால்தான் கிடைக்கும். குடியில் நாட்டமுள்ளவன் குடியில் செலவழிப்பான். பக்தியுள்ளவன் கோயிலுக்குக் கொடுப்பான். எதில் செலவழிக்கிறான் என்பதை வைத்து ஆள் யார் என்று தெரிந்துவிடும். செலவு பாத்திரப் படைப்பின் வேலையைச் செய்யும் என்பது இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது.

நான்காம் எதிர்வாதத்தை நான் மரியாதையோடு அணுகுகிறேன், ஏனென்றால் அது மனசிலிருந்து வருகிறது. “வாரம் முழுக்க வாடகை, மாதத் தவணை, கரண்ட் பில் என்று மூச்சு முட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆட உட்கார்ந்தால் அங்கேயும் வாடகையா?” நியாயமான கேள்வி. பணக் கஷ்டத்தில் தவிக்கிற ஒருவர் மேசையில் இருந்து, இது தன்னை வருத்துகிறது என்று சொன்னால், அந்த மேசையில் இதை ஒதுக்கிவைக்கத்தான் வேண்டும். நண்பரின் நிம்மதியைவிட எந்த விதியும் பெரிதல்ல.

ஆனால் அதையே எல்லா மேசைகளுக்கும் பொது விதியாக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். நிஜ வாழ்க்கையில் வாடகை நம்மை நசுக்குவது, நமக்கு வேறு வழி இல்லாததால். மேசையில் வழி இருக்கிறது. ஒரு படி இறங்கி வாழலாம்; வேலை செய்து ஈடுகட்டலாம். ஐந்தாம் பதிப்பில் இடைக்காலத்தில் ஒரு தொழிலைச் செய்கிற பாத்திரம் காசே கொடுக்காமல் எளிய வாழ்க்கை வாழலாம் என்று தெளிவாக இருக்கிறது. கோயிலில் வளர்ந்த பாத்திரத்துக்கு அதே மதத்தார் எளிய அளவில் உணவும் இடமும் கொடுப்பார்கள். ஆகவே இந்த விதி யாரையும் பட்டினி போடுவதில்லை. மாறாக, விதியை நீக்கினால் அந்தப் பின்னணியைத் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்தான் ஏமாந்துபோகிறார். எல்லோருக்கும் எல்லாம் இலவசம் என்றால் கோயில் கொடுக்கும் அடைக்கலத்துக்கு என்ன மதிப்பு? காட்டில் ஐந்து பேருக்கு உணவு தேடித் தரத் தெரிந்தவனுக்கு என்ன மதிப்பு? முதல் நிலை மந்திரம் ஒன்றைச் செலவழித்துப் பத்துப் பழங்களை உண்டாக்கி, பழம் ஒன்றால் ஒரு நாள் பசியாற்றுகிற வனமந்திரவாதிக்கு யார் நன்றி சொல்லப்போகிறார்கள்?

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. செலவை அழித்தால் பணம் ஆட்டத்திலிருந்து மறைவதில்லை. ஏழைகள்தான் மறைகிறார்கள்.

புத்தகத்தின் இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சி இல்லாத கூலியாளுக்கு நாள் கூலி 2 வெள்ளி. ஏழ்மை வாழ்க்கைக்கு நாள் செலவு 2 வெள்ளி. வாங்குகிற கூலி முழுக்க அன்றே வாய்க்கும் வயிற்றுக்கும் போய்விடுகிறது; மிச்சம் சுழி. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அடுத்த நாள் அவன் ஒரு படி கீழே. தொழில் கற்றவனுக்குக் கூலி 2 தங்கம்; வசதியான வாழ்க்கைக்குச் செலவு அதே 2 தங்கம். இந்தப் பொருத்தத்தில் ஒரு சமூகம் முழுதாகத் தெரிகிறது. இப்போது வீரன் கையில் இருக்கும் பொருள்களைப் பாருங்கள். காயம் ஆற்றும் மருந்துக் குப்பி ஒன்று 50 தங்கம். கூலியாளுக்கு அது 250 நாள் உழைப்பு. உடம்பு முழுக்க மூடும் தகட்டுக் கவசம் 1,500 தங்கம். கூலியாளுக்கு 7,500 நாள், அதாவது இருபது ஆண்டுக்கு மேல் ஒரு காசும் தின்னாமல் உழைக்க வேண்டும். அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒருவன் கிராமத்துத் தெருவில் நடந்தால் ஜனங்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று இனி விளக்கவே வேண்டாம்.

இந்த ஆட்டம் தன் தோற்றத்தை இடைக்கால ஐரோப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த உலகமும் இப்படித்தான் இருந்தது. கொள்ளைநோய்க்குப் பிறகு இங்கிலாந்தில் கூலி ஏறாமல் தடுக்க 1351ல் போட்ட சட்டம் தலைமைத் தச்சனுக்கு நாள் கூலி 3 பென்னி என்று உச்சவரம்பு கட்டியது. நூறாண்டுப் போரில் குதிரையில் போகும் வில்லாளிக்கு நாளுக்கு 6 பென்னி. நைட் பட்டம் பெற்றவனுக்கு 24 பென்னி. ஒரு இளைஞன் உளியைப் போட்டுவிட்டு வில்லை எடுத்துக்கொண்டு பிரான்ஸுக்குக் கப்பல் ஏறியதற்கு அரச பக்தி மட்டும் காரணம் என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதமாட்டார். நம்முடைய கற்பனைப் பாத்திரங்களும் அப்படியொரு கணக்கின் பேரில்தான் வீட்டை விட்டு வெளியேறி இருளுக்குள் இறங்குகிறார்கள். அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, “உன் பாத்திரம் ஏன் சாகசத்துக்கு வருகிறான்?” என்று கேட்கிறோம். பதில் வராமல் போவதில் ஆச்சரியம் என்ன?

செலவைச் சலிப்பில்லாமல் ஆட முடியாது என்று இன்னும் சொல்கிறவர்கள் மற்ற ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். 1985ல் கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய பென்டிராகன், ஆர்தர் மன்னர் காலத்து நைட்டுகளின் ஆட்டம். அதில் ஒவ்வொரு ஆண்டின் முடிவிலும் குளிர்காலப் பகுதி ஒன்று வருகிறது. அந்த ஆண்டு நைட்டின் குடும்பம் எந்தத் தரத்தில் வாழ்ந்தது என்று பார்க்கிறார்கள். வறுமையில் வாழ்ந்திருந்தால் குதிரை செத்துப்போகும் வாய்ப்பு கூடும். குழந்தை பிழைக்கும் வாய்ப்பு குறையும். சில பகடைகள், சில நிமிடங்கள். போர்க்களத்தில் அஞ்சாத நைட்டை ஆடுகிறவர், தன் மகனுக்காகப் பகடையைக் கையில் எடுக்கும்போது தயங்குவார். தலைமுறைகளாகத் தொடரும் அந்த ஆட்டத்தில் அந்த மகன்தான் அடுத்த கதாநாயகன். வாழ்க்கைச் செலவு வெறும் எண்ணாக இல்லாமல் வம்சத்தின் விதியாக மாறுகிற இடம் அது.

தோர் ஓலவ்ஸ்ரூடும் லூக் கிரேனும் 2013ல் கொண்டுவந்த டார்ச்பேரர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நிலவறையிலிருந்து நைந்துபோய் ஊருக்குள் வருகிற குழு, அங்கே செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும். காயத்துக்கு வைத்தியம் பார்த்தால் ஏறும், சந்தைக்குப் போனால் ஏறும், சேதி விசாரித்தால் ஏறும். ஊரை விட்டுக் கிளம்பும்போது மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு பகடைச் சோதனை. தங்கலாமா, கிளம்பலாமா என்ற அந்தத் தவிப்பு அரக்கனோடு நடக்கும் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஜான் ஹார்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க்கில், திருட்டுக் கூட்டத்தார் மன இறுக்கம் தீர்க்கத் தங்கள் கெட்ட பழக்கத்தைத்தான் நாட வேண்டும். முதுமைக்கென்று சேர்த்துவைத்த காசுதான் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், கடைசியில் எப்படி ஓய்கிறார்கள் என்பதை முடிவுசெய்யும். டோல்கீன் உலகத்தில் நடக்கும் தி ஒன் ரிங்கில் காசுக் கணக்கே பெரிதாக இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு வாழ்க்கைத் தரம் உண்டு, எது அவனுக்கு இயல்பாகக் கிடைக்கும் என்பதை அதுவே சொல்லிவிடும். இந்த நான்கு ஆட்டங்களும் நான்கு வழிகளில் ஒரே உண்மையைக் கண்டுகொண்டிருக்கின்றன: சாகசத்துக்கு நடுவே வருகிற சாதாரண நாட்களுக்கு எடை கொடுத்தால் சாகசமும் எடை பெறும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் இதற்கான வித்து இருக்கிறது. வாழ்க்கைத் தரம் விளைவுகளைக் கொண்டுவரும் என்று ஐந்தாம் பதிப்பே சொல்கிறது. பணக்கார வாழ்க்கை செல்வாக்குள்ளவர்களின் அறிமுகத்தைத் தரும், கூடவே திருடர்களையும் இழுக்கும். சிக்கனமாக வாழ்ந்தால் திருடர் கண்ணில் படமாட்டீர்கள், பெரிய இடத்துத் தொடர்பும் கிடைக்காது. டன்ஜன் மாஸ்டர்கள் இதைக் கையில் எடுத்தால் போதும். இடைக்காலம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் எந்தப் படியில் வாழ்கிறோம் என்று சொல்லட்டும். ஒரே முறை தொகையைக் கழியுங்கள். பிறகு அந்தப் படிக்கு உரிய ஒரு மனிதரையும் ஒரு சேதியையும் ஓர் ஆபத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள். இழிநிலையில் வாழ்கிறவள் காதில், துறைமுகத்தில் பிள்ளைகள் காணாமல் போகும் சேதி முதலில் விழும். பிரபுவின் மாளிகைக்கு அது ஒரு மாதம் கழித்துத்தான் போகும். வசதியாக வாழ்கிறவனுக்கு வணிகர் சங்கத்தின் கணக்குப்பிள்ளை பழக்கமாவார். பிரபுவாக வாழ்கிறவன் விருந்துக்கு அழைக்கப்படுவான். திருப்பி விருந்து வைக்காவிட்டால் அவமானப்படுவான். ஒரே குழுவில் நான்கு பேர் நான்கு படிகளில் வாழ்ந்தால் ஊரின் நான்கு முகங்கள் அந்த மேசைக்கு வந்துவிடும். அடுத்த சாகசத்துக்கான தூண்டிலை எழுத மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே, இந்த ஆட்டத்தை நாம் எதற்காக நேசிக்கிறோமோ அதற்கே செலவு வேண்டியிருக்கிறது. நாம் நல்லவர்களாக நடந்துகொள்ளும் சந்தர்ப்பத்துக்காக ஆடுகிறோம். ஐம்பது வீடுள்ள கிராமம் ஒன்று, தன்னை வாட்டுகிற அரக்கனை ஒழிக்க 50 தங்கம் திரட்டி நீட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு இல்லாத மேசையில் என்ன நடக்கும்? “வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்” என்று வீரர்கள் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது வெறும் எண். அந்தப் பெருந்தன்மைக்கு அவர்கள் எதையும் இழக்கவில்லை. அதனால் யாருடைய மனசிலும் அது நிற்பதில்லை.

செலவுள்ள மேசையில் அதே 50 தங்கத்தைப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு தங்கம் என்றால் ஒவ்வொரு வீடும் ஐந்து நாள் கூலியை அறுத்துக் கொடுத்திருக்கிறது. நான்கு வீரர்களுக்கு அந்தப் பணம் எளிய வாழ்க்கையில் பன்னிரண்டு நாளைக்குத்தான் வரும். விடுதிக்காரருக்கு வாடகை பாக்கி நிற்கிறது. பூசாரியின் கால் காயம் ஆறவில்லை. மருந்துக் குப்பி ஒன்றின் விலையும் சரியாக 50 தங்கம். வாங்கிக்கொண்டால் கிராமம் அரைவயிறு. வாங்காவிட்டால் குழு ஒரு படி கீழே இறங்கி, ஒழுகும் கூரையின் கீழ் இந்த மாதத்தைத் தள்ள வேண்டும். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாதாடுவார்கள். பாதி வாங்கலாம் என்பார் ஒருவர். அறுவடைக்குப் பிறகு தானியமாகக் கொடுக்கட்டும் என்பார் இன்னொருவர். கடைசியில் “வேண்டாம்” என்று சொன்னார்கள் என்றால், அந்தச் சொல்லுக்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். அந்த மேசையில் அன்று ஒரு தியாகம் நடந்திருக்கிறது.

டிராகனை எதிர்த்து நிற்பது வீரம்தான். ஆனால் அங்கே கவசம் இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, பகடை கைகொடுக்கும். தன் சாப்பாட்டுக் காசை இன்னொருவர் சாப்பாட்டுக்காக விட்டுக்கொடுக்கும் இடத்தில் எந்தப் பகடையும் துணைக்கு வராது. பாத்திரம் தானாகவே முடிவெடுக்க வேண்டும். அந்தச் சந்தர்ப்பத்தை நம் ஆட்டக்காரர்களிடமிருந்து நாமே பறித்துக்கொண்டிருக்கிறோம், அவர்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு. அடுத்த கேம்பெயினைத் தொடங்குகிற டன்ஜன் மாஸ்டர்கள் வாழ்க்கைச் செலவை ஆட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆட்டக்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கிறவனைத்தான் நாம் வீரன் என்கிறோம். அந்தப் பெயருக்குத் தகுதியான பாத்திரங்களை ஆடும் உரிமை நமக்கு இருக்கிறது.